புயலுக்குப் பிறகு திருகோணமலையில் ஒரு வீடு மீள்வது எப்படி, அந்தப் புயலை ஊர் மறக்காமல் வைத்திருப்பது எப்படி

1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் அதோடு போனார்கள். அந்தப் புயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் தனுஷ்கோடிக்குப் போகுமுன் அதே புயல் எங்கள் வடகிழக்குக் கரையில் ஏறி, வவுனியாப் பக்கமாக நாட்டைக் கடந்துதான் பாக்கு நீரிணைக்குள் இறங்கியது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி வந்து 900க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது மட்டக்களப்புச் சூறாவளி என்றே அறியப்படுகிறது. 2000 டிசம்பர் 26 இல் திருகோணமலைக்குப் பக்கத்திலேயே ஒரு புயல் கரையேறியது. நான்கு வருடம் கழித்து அதே திகதியில் ஆழிப்பேரலை வந்துவிட்டது. இன்று டிசம்பர் 26 என்றால் கடலை நினைக்கிறோம், காற்றை நினைப்பவர் குறைவு. பிறகு 2020 டிசம்பர் 2 இரவு புரெவி குச்சவெளி, திரியாய்ப் பக்கம் ஏறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, எங்கள் மாவட்டத்தில் மகாவலி பெருகி மூதூர், வெருகல், சேருவில பக்கமெல்லாம் வெள்ளக்காடானது.

இத்தனை புயல் வந்தும் எங்கள் ஊரில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, காற்று எந்தப் பக்கத்தால் அடித்தது, எந்தப் பாதை முதலில் மூடியது என்பதற்கு எழுத்தில் பெரிதாக எதுவும் இல்லை. பெரியவர்களின் வாயில் இருந்தது, அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் வீட்டைத் திருத்துவதையும் புயலை நினைவில் வைப்பதையும் ஒன்றாகச் சொல்கிறேன். நட்டத்தைச் சரியாக எழுதி வைத்திருக்கும் வீட்டுக்கு உதவி முந்திக் கிடைக்கும். தண்ணீர் வந்த உயரத்தைச் சரியாக எழுதி வைத்திருக்கும் ஊர் அடுத்த முறை முந்தி வெளியேறும். இரண்டும் ஒரே கொப்பியில் செய்கிற வேலை.

காற்று ஓய்ந்ததும் வெளியே வராதீர்கள்

பேய்க்காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அமைதியானால் அது புயலின் கண்ணாக இருக்கலாம். கண் கடந்ததும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும். முதல் காற்றில் ஆட்டங்கண்ட மரமும் மதிலும் விழுவது பெரும்பாலும் அப்போதுதான். வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் வரும்வரை உள்ளேயே இருங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸுக்கு 1990.

வெளியேறியிருந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது, காலை வெளிச்சத்தில் போங்கள், செருப்போடு அல்ல, சப்பாத்தோடு போங்கள். அறுந்து கிடக்கும் மின்வயரை உயிருள்ள வயர் என்றே எண்ணி விலகி நில்லுங்கள். மெயின் சுவிட்சுக்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றால் அதைத் தொட வேண்டாம், மின்சார சபையின் ஆட்கள் வரட்டும். அலுமாரிக்குப் பின்னாலும் விறகுக்குள்ளும் பாம்பு ஒதுங்கியிருக்கும், கையை விடுமுன் தடியால் தட்டிப் பாருங்கள். உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றுகளைக் கூட்டி அள்ளக் கூடாது. அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மேலும் உடைக்காமல் தூக்கி ஓரிடத்தில் அடுக்குங்கள்.

துடைப்பதற்கு முன் அளவெடுங்கள்

வீடு சேறாகக் கிடப்பதைப் பார்த்தவுடன் கை தானாக விளக்குமாற்றைத் தேடும். அரை மணித்தியாலம் பொறுங்கள். அந்த அரை மணித்தியாலத்தில் செய்வதுதான் பிறகு மாதக்கணக்கில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

சுவரில் வெள்ளம் நின்ற இடத்தில் ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு ஊறிக் கறுத்திருக்கும், கோட்டின்மேல் மெல்லிய வண்டலும் வைக்கோல் துரும்பும் ஒட்டியிருக்கும். சில சுவர்களில் ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு மூன்று கோடு இருக்கும், தண்ணீர் வடியும்போது நின்று நின்று வடிந்த தடம் அது. உங்களுக்கு வேண்டியது எல்லாவற்றிலும் மேலே உள்ள கோடு. நிலத்திலிருந்து அந்தக் கோடுவரை அளவு நாடாவால் அளந்து, நாடாவும் கோடும் ஒன்றாகத் தெரியும்படி போனில் படம் எடுங்கள். நாடா இல்லாவிட்டால் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்து எடுங்கள். பிறகு, சுவர் காய்ந்ததும், அந்த உயரத்தில் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டுப் புயலின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். புதுச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த விரற்கடை இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது படங்கள். வீட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் ஒவ்வொன்று, உள்ளே ஒவ்வொரு அறைக்கும் ஒன்று, பிறகு கூரை, கிணறு, மலசலகூடம், மதில், விழுந்த மரங்கள். முற்றத்தில் இருந்து எடுக்கும் படத்தில் பக்கத்து வீடோ கோயிலோ தெரியட்டும். எந்த இடம் என்று பிறகு யாரும் கேட்க முடியாது.

அதற்குப் பிறகு கொப்பியை எடுத்து, அறை அறையாக நடந்து எழுதுங்கள். ‘வீட்டுச் சாமான் எல்லாம் போய்விட்டது’ என்று எழுதினால் அதற்குப் பெறுமதி போட யாராலும் முடியாது. தையல் மெசின் ஒன்று, வாங்கிய வருடம். நெல் இத்தனை மூடை. பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகம், சீருடை. கோழி எத்தனை, ஆடு எத்தனை. படிவத்தில் கேட்பார்களோ இல்லையோ, வலையும் மீன்பெட்டியும் மண்வெட்டியும் கூட எழுதுங்கள். தொழில் சாமான்தான் பட்டியலில் இருந்து அதிகம் தவறிப்போவது, பிறகு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

விதானையாரிடம் போகும்போது

நட்டத்தைப் பதிவது விதானையார் எனப்படும் கிராம உத்தியோகத்தரிடமிருந்து தொடங்கும். அவர் பார்த்து அறிக்கை எழுத, அது பிரதேச செயலகத்துக்குப் போகும், அங்கிருந்து கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு. வீடுகளை ‘முற்றாகச் சேதம்’, ‘பகுதியளவில் சேதம்’ என்று பிரிப்பார்கள், இந்தச் சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கூரை முழுதும் போய்ச் சுவர் வெடித்த வீட்டுக்குப் பகுதி என்று எழுதியிருந்தால் அன்றைக்கே மரியாதையாகக் கேளுங்கள், படத்தைக் காட்டுங்கள், எழுத்தில் ஒரு மேன்முறையீடு கொடுங்கள். கொடுத்த ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்குங்கள். யாரிடம் கொடுத்தோம், என்ன சொன்னார் என்பதைக் கொப்பியில் அன்றே எழுதுங்கள்.

உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களின் பெயர் பதிவிலிருந்து தவறுவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இடைத்தங்கல் முகாமில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், அக்கா வீட்டு விறாந்தையில் படுப்பவர் தெரிவதில்லை. நீங்கள் எங்கே தங்கினாலும், உங்கள் வீடு இருக்கும் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருந்தவர்களும் பொருள் நட்டத்தைப் பதியலாம். தனித்திருக்கும் வயதானவர்களுக்காக அயலவர் ஒருவர் போய் நிற்க வேண்டும், அந்த வரிசை அவர்களால் நிற்கக்கூடிய வரிசை அல்ல.

நனைந்த உறுதியும் கல்யாணப் படமும்

எங்கள் மாவட்டத்தில் காகிதத்தை இழப்பது புதிதல்ல. இடப்பெயர்வில் ஒருமுறை, 2004 இல் ஒருமுறை, 2006 போரில் சம்பூர், மூதூர் சனங்களுக்கு இன்னொருமுறை. அதனால் ஈரமான காணி உறுதி கையில் கிடைத்தால் அது பெரிய பேறு. அதைப் பதற்றத்தில் கெடுத்துவிடாதீர்கள்.

ஈரத் தாள்களை ஒன்றிலிருந்து ஒன்று இழுத்துப் பிரிக்க வேண்டாம். சேறு இருந்தால் தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி, கட்டாகவே மெதுவாக அலசி எடுங்கள். மை கரைகிற மாதிரித் தெரிந்தால் அலசவும் வேண்டாம். சுத்தமான துணியில் வைத்து நீர் வடிய விட்டு, நிழலில், காற்றோட்டமான இடத்தில் காய விடுங்கள். பாதி காய்ந்ததும் தாள்கள் தாமாக விலகத் தொடங்கும். அப்போது ஒவ்வொன்றுக்கும் இடையில் எழுத்தில்லாத வெள்ளைத் தாளோ பழைய பருத்தித் துணியோ வைத்து, அது ஈரமாக ஆக மாற்றுங்கள். வெயிலில் போட்டால் சுருண்டு வெடிக்கும். இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக்கூடாது. காயும்வரை காத்திருக்காமல், பிரிந்த ஒவ்வொரு பக்கத்தையும் அவ்வப்போதே படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

படங்களுக்கு முறை வேறு. ஸ்ரூடியோவில் கழுவிய பழைய படங்கள் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் இருந்தால் கெடாது, ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால்தான் கெடும். அல்பத்தை ஈரமாகவே பிரித்து, படத்தின் முகத்தை விரலால் தொடாமல் ஓரத்தில் பிடித்து, குளிர்ந்த நல்ல நீரில் அலசி, முகம் மேலே இருக்கும்படி துணியில் பரப்புங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஒரு நல்ல படம் எடுத்து வையுங்கள், முகம் அதில் தப்பிவிடும். இறந்துபோன ஒருவரின் ஒரே படம் சட்டத்துக்குள் மங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு வீட்டுக்கு வேறு எந்த நட்டத்தையும் விடப் பெரிதாக இருக்கலாம். கூரை போடும் வேலையை விட்டுவிட்டு இதற்கு ஒரு மணித்தியாலம் செலவழித்தால் யாரும் குறை சொல்லக் கூடாது.

முற்றாகப் போன பத்திரங்களுக்கும் வழி உண்டு. முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதிகள் பிரதேச செயலகத்தில் கிடைக்கும். அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பித்தால் ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். உறுதி எழுதிய நொத்தாரிசு அதன் இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார், அங்கே சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பேரேடு இருக்கும்.

கிணறு

இதில்தான் நல்ல மனத்தோடு பெரிய பிழை நடக்கிறது. வெள்ளம் வடிந்ததும் மோட்டரை வைத்துக் கிணற்றை அடிமட்டம் காண இறைப்பார்கள். நிலம் இன்னும் நீரால் ஊறியிருக்கும்போது கிணற்றை ஒரேயடியாக வெறுமையாக்கினால், வெளிப்பக்க அழுத்தத்தில் கட்டு உள்ளே சரியும். கடல்நீர் புகுந்த கிணறு என்றால் அதைவிட மோசம். நிலாவெளி, சாம்பல்தீவு போன்ற கரையோர மணலில் நல்ல தண்ணீர் என்பது கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் படலம் குறைந்து, கீழிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது.

குப்பையையும் சேற்றையும் அள்ளி எடுத்து, கலங்கல் நீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுங்கள். இறைத்த தண்ணீரைக் கிணற்றடியிலேயே ஊற்ற வேண்டாம், தூரமாக விடுங்கள். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் குளோரின் போட ஏற்பாடு செய்வார். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது. உவர் போவதற்கு மாரி மழைதான் வேண்டும், அதுவரை அந்தக் கிணறு கழுவுவதற்கு மட்டும். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் தண்ணீரோ கொதித்தாறிய நல்ல தண்ணீரோதான்.

காய்ச்சலுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. வெள்ளத்துக்குப் பிறகு வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்குங்கள். காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் உளைவு, கண் சிவப்பு என்றால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சிரட்டை, ரயர், உடைந்த ஓடு இவற்றில் நிற்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் டெங்கு நுளம்பு குறையும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல்.

தொழிலுக்குத் திரும்புதல்

தண்ணீரில் மூழ்கிய படகின் வெளியிணைப்பு இயந்திரத்தை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று இழுத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே தண்ணீர் நிற்கும்போது சுற்றினால் உடைந்துபோகும். பிளக்கைக் கழற்றி, நீரை வடித்து, நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, எண்ணெய் விட்டு, மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று நாளைக்கு மெக்கானிக் கிடைக்கமாட்டார் என்றால் கரையில் காய விடுவதைவிட நல்ல தண்ணீர்ப் பீப்பாவுக்குள் அமிழ்த்தி வைப்பது மேல், துருவுக்குக் காற்றும் வேண்டும். படகின் பதிவிலக்கம் தெரியப் படம் எடுத்துக் கடற்றொழில் திணைக்களத்தில் பதியுங்கள். கரைவலைக்காரர் கூட்டாகப் போவது நல்லது.

வயலுக்கு, கார்த்திகை மார்கழியில் வரும் புயல் எங்கள் பெரும்போகப் பயிரின் நடுவில் வந்து விழுகிறது. முதலில் வாய்க்காலைத் திறந்து நீரை வடியுங்கள். மூழ்கிய இளம்பயிர் சில நாளில் தலைதூக்கும், அவசரப்பட்டு உழுதுவிட வேண்டாம். கமநல சேவை நிலையத்தில் உடனே பதியுங்கள், காப்புறுதிக்காரர் பார்க்குமுன் அழித்த வயலுக்குச் சாட்சி இல்லை. உப்பு ஏறிய வயலில் மழைநீரை வரம்பு கட்டித் தேக்கி வடித்துவிடுவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் உவர் கழுவிப்போகும். அடுத்த போகத்துக்கு உவர் தாங்கும் இனம் எது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

கூரையைத் திரும்பப் போடும்போது பழையபடியே போட்டால் அடுத்த காற்றுக்கும் அதே கதி. வளையைச் சுவரின்மேல் சும்மா வைக்காமல், சுவர்த் தலைப்பில் ஓடும் கொங்கிறீற் கட்டிலிருந்து வரும் இரும்புப் பட்டியால் கட்டுங்கள். விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையின் நீட்டாகப் போடாமல் தனியாகப் போடுங்கள். காற்று அதைப் பிடுங்கினாலும் வீடு தப்பும். நாலு பக்கமும் சரிவான கூரை, இரண்டு பக்கம் சரிவானதைவிடக் காற்றைத் தாங்கும்.

பிள்ளைகளும் பெரியவர்களும்

முதல் வாரங்களில் எல்லோரும் ஓடியாடி நிற்பார்கள். தளர்வு வருவது பிறகுதான். அடுத்த ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பும்போது பிள்ளை தூங்காது, தகரம் அடித்தால் தாயைக் கட்டிப்பிடிக்கும். ‘பயப்படாதே’ என்று அடக்குவதால் பயம் போவதில்லை. காற்று வந்தால் நாங்கள் எங்கே போவோம், யார் தம்பியைத் தூக்குவார், பை எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அந்தப் பையில் ஒரு சாமானைப் பிள்ளையின் பொறுப்பிலேயே விடுங்கள். பாடசாலையை எவ்வளவு விரைவாகத் திறக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது.

குடும்பத்தைக் காப்பாற்ற முடியாமல் போன ஆண்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள், குடிக்குள் போவார்கள். அவர்களை வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருங்கள். தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல் வாரக்கணக்கில் போனால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

ஊர்க் கொப்பி

வீடுகள் ஓரளவு நிமிர்ந்த பிறகு, பழைய புயல்களைக் கண்ட பெரியவர்களிடம் போங்கள். ‘அந்தப் புயலைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்றால் அழுகைதான் முதலில் வரும், அது நியாயம். அழுது முடியப் பக்கத்தில் இருந்துவிட்டு, சின்னச் சின்னதாகக் கேளுங்கள்.

“ஆச்சி, காத்து முதல்ல எந்தப் பக்கத்தால அடிச்சது?”

“கடல்ப் பக்கத்தாலதான் தம்பி. பிறகு கொஞ்ச நேரம் ஒண்டுமில்ல. அதுக்குப் பிறகு காட்டுப் பக்கத்தால.”

“தண்ணி எவ்வளவுக்கு?”

“கதவு நாதாங்கி தெரியேல்ல.”

இந்த இரண்டு பதிலில் ஒரு ஊருக்கு வேண்டியது நிறைய இருக்கிறது. நடுவில் அமைதி இருந்தது என்றால் கண் நேரே அந்த ஊருக்கு மேலால் போயிருக்கிறது. நாதாங்கியின் உயரத்தை இன்றும் அளக்கலாம். காற்றின் திசை மிக முக்கியம். எங்கள் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவது. அது எங்களுக்குத் தெற்கே கரையேறினால் காற்று கடலிலிருந்து அடித்து நீரை ஊருக்குள் தள்ளும். எங்களுக்கு வடக்கே ஏறினால் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், கடல் அவ்வளவாக ஏறாது. ‘போன புயலுக்கு எங்கட பக்கம் கடல் வரவில்லை, இந்த முறையும் வராது’ என்று சொல்கிறவர் போன புயல் எந்த வழியால் போனது என்று அறியாமல் சொல்கிறார். மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் உயர்ந்து நிற்கும்போது ஆற்று வெள்ளம் வடிய இடமில்லாமல் மூதூர், கிண்ணியாவின் தாழ்ந்த பக்கங்களில் தேங்கும். மழை எங்கோ மலைநாட்டில் பெய்திருக்கும், வெள்ளம் ஒன்றிரண்டு நாள் கழித்து இங்கே வரும். ஆகவே ‘மழை விட்டு எத்தனை நாளில் தண்ணீர் வந்தது’ என்பதையும் கேளுங்கள்.

எந்தப் பாலம் முதலில் மூடியது, யாருடைய வீட்டு மேட்டில் சனம் ஏறியது, எந்தக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் கதவு திறந்தது, எந்தக் கிணறு கெடாமல் இருந்தது, எந்த மரங்கள் நின்றன. எல்லாவற்றையும் வீட்டுப் பெயரோடு எழுதி, ஒரு பெரிய தாளில் ஊர்ப்படம் வரைந்து குறியுங்கள். பெரியவரின் குரலைப் போனில் பதிவு செய்யும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள்.

இறந்தவர்களின் பெயரை ஒரு தனிப் பக்கத்தில், வயதோடு, ஒருவரையும் விடாமல் எழுதுங்கள். வந்து தங்கியிருந்து இறந்த அயலூர்க் கூலியாட்களையும் சேருங்கள், அவர்களைத்தான் முதலில் மறந்துவிடுகிறோம். நினைவு நாளை ஊரே தீர்மானிக்கட்டும். கோயிலில் மோட்ச விளக்கு, பள்ளிவாசலில் யாசீன், தேவாலயத்தில் திருப்பலி என்று அவரவர் முறையில் செய்துவிட்டு, பின்னேரம் எல்லோரும் ஓரிடத்தில் கூடிப் பெயர்களை வாசிக்கலாம். பெயரை வாசிக்கும் வேலையைப் பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அன்றைக்கே சுவர்க் கோடுகளைப் புதுப்பித்து, ஊர் முழுக்க நடந்து வெளியேறும் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். வயதானவர் ஒருவரை நாற்காலியில் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தால்தான் எந்த ஒழுங்கை இடுக்கம் என்று தெரியும்.

கொப்பியை ஒரே வீட்டில் வைக்க வேண்டாம். ஒரு பிரதி பாடசாலை நூலகத்தில், ஒன்று கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று மாடி வீடுள்ள ஒருவரிடம், ஒன்று வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கத்தாரிடம். படங்களையும் குரல்பதிவுகளையும் இரண்டு பேரின் மின்னஞ்சலில் ஏற்றுங்கள். புரட்டாதி முடிவதற்குள், வாடைக்காற்று தொடங்குமுன், மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து அதை ஒருமுறை சத்தமாக வாசித்து, இயங்காத தொலைபேசி இலக்கங்களை வெட்டிப் புதியவற்றை எழுதுங்கள்.